மஞ்சள் கம்பி

அன்றைக்குத் தென்னூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்களை, உட்கார்ந்திருந்த இடங்களோடு முதலில் எழுதிவிடுகிறேன். நடந்ததை யார் எங்கிருந்து பார்த்தார்கள் என்பது தெரிய வேண்டும்.

மாதா படத்துக்குக் கீழே, பிரம்பு நாற்காலியில், ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த அடைக்கலம் ஐயா. மாப்பிள்ளையின் தகப்பனார். அவர் காலடியில் விரித்திருந்த ஜமுக்காளத்தில் அவர் மனைவி. ஜன்னலோரம் மடக்கு நாற்காலியில் மாப்பிள்ளை இன்னாசிராஜ். மின்சார இலாகாவில் இன்ஜினீயர். பெஞ்சில் மாப்பிள்ளையின் தாய்மாமன் தங்கையன், இருவர் இடத்தை ஒருவராக அடைத்துக்கொண்டு. சமையலறை நிலைப்படியில் பாதி உள்ளே பாதி வெளியே எங்கள் அம்மா லூர்து. பக்கத்து வீட்டு கியாசுதீன் பாய் எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை. மேஜை மேல் இருந்த ரேடியோ அவருடையது. அதை விட்டு நகர மனமில்லாமல் அதன் பக்கத்திலேயே நின்றார். மேஜைக்குப் பின்னால் நான், அருள்நாதன். மேஜையில் ரேடியோவுக்கு அடுத்து பிஸ்கட் டின் அளவில் ஒரு தகரப் பெட்டி. மேஜைக்குக் கீழே ஒரு கார் பேட்டரி.

என் தங்கை ரோசரி கூடத்தில் இல்லை. கூப்பிட்ட பிறகு காபித் தட்டோடு வர வேண்டியவள் என்பதால் உள்ளறையில் இருந்தாள். அந்தப் பெட்டியைச் செய்தவள் அவள்தான்.

ரோசரி பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவள். ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் சயன்ஸ் டீச்சர். தினமும் டவுன் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போய் வருகிறாள். போன வருஷம் பாகிஸ்தானோடு சண்டை நடந்தபோது, சாயங்காலம் கரண்ட் போனால் ரேடியோவில் செய்தி கேட்க முடியவில்லையே என்று பாய் வீட்டிலும் எங்கள் வீட்டிலும் ஒரே புலம்பல். அப்போது ஆரம்பித்தது இந்த வேலை. பாயின் தம்பி மெட்ராஸிலிருந்து டிரான்சிஸ்டர் என்கிற சின்னச் சாமான்களை வாங்கி அனுப்பினார். இவள் பள்ளிக்கூட லேபில் சாயங்காலம் தங்கி, செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றி, ஈயம் வைத்து, இரண்டு முறை புகைய விட்டு, மூன்றாம் முறை வெற்றிகரமாகச் செய்து முடித்தாள். பேட்டரியின் பன்னிரண்டு வோல்ட்டை டிரான்சிஸ்டர் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டி விடும். காயில் அதை ரேடியோவுக்கு வேண்டிய இருநூற்றுச் சொச்சம் வோல்ட்டாக ஏற்றித் தரும். பாயின் ரேடியோ டி.சி. கரண்டிலும் பாடுகிற பழைய வால்வு ரேடியோ. அதனால் பொருந்திப் போயிற்று. பெட்டி வேலை செய்யும்போது கொசு ரீங்காரம் மாதிரி மெல்லிய விசில் ஒன்று கேட்கும். அவ்வளவுதான் அதன் சத்தம்.

மாப்பிள்ளை இன்ஜினீயர் என்று தெரிந்ததும் ரோசரி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அண்ணே, அவங்க வர்ற அன்னிக்கு ரேடியோவைப் பெட்டியில போட்டுக் காமி. இதை நான் செஞ்சேன்னு சொல்லு. வேற எதுவும் சொல்ல வேணாம். பாட்டுப் பாடத் தெரியுமா, பலகாரம் பண்ணத் தெரியுமான்னு கேக்குறவங்க கேக்கட்டும். இதையும் தெரிஞ்சுக்கிட்டுப் பிடிச்சிருந்தா சரி. பிடிக்கலேன்னா இப்பவே தெரிஞ்சுறட்டும்."

"சொல்றேன்," என்றேன்.

"அடிச்சுச் சொல்லு."

"அட, சொல்றேங்கறேன்ல!"

எனக்கு வேலை உறையூரில் ஒரு சுருட்டுக் கம்பெனியில், கடிதப் பிரிவு. லால்குடி போர்டு ஹைஸ்கூலோடு என் படிப்பு முடிந்தது. கடிதத்துக்கு இடப்பக்கம் இரண்டு விரல் மார்ஜின், பாராவுக்குப் பாரா எண், மடிப்பு மடிப்பின் மேல் விழ வேண்டும் என்று அங்கே பழகியதை இன்றுவரை விடவில்லை. கம்பெனியில் என் கட்டுகளில் ஒரு தாள் கூட வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. மற்றவர்களுக்கு அது சிரிப்பு. எனக்கு அது ஒன்றுதான் பெருமை.

அந்தப் பெட்டி எனக்குப் பிடிக்காமல் போனதற்குக் காரணமும் அதுவே. பெட்டியிலிருந்து ரேடியோவுக்குத் தடிமனாக ஒரு சிவப்புக் கம்பியும் ஒரு கறுப்புக் கம்பியும் போயின. அது நியாயம். அவற்றோடு ஒட்டாமல் தனியாக, மெல்லிசாக ஒரு மஞ்சள் கம்பி ரேடியோவின் பின்பக்கத்திலிருந்து கிளம்பி, மேஜை முழுக்க வளைந்து, பெட்டிக்குத் திரும்பி வந்தது. வாழை நார் தொங்குவது போல் இருந்தது.

"இது எதுக்கு?" என்று முந்தின நாள் கேட்டேன். அப்போது நான் வருகிறவர்களுக்கு என்னென்ன பலகாரம் என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

"பாய் வீட்டு மாடித் தொட்டிக்கு மோட்டார் போடுறாங்கல்ல, பாத்திருக்கியா?" என்றாள் ரோசரி. "ஜீனத் அக்கா மாடியில நின்னுக்கிட்டு 'நெறஞ்சிருச்சு, அணைங்க'ன்னு கத்துவாங்க. பாய் கீழே மோட்டார் மேல கை வச்சுக்கிட்டு நிப்பார், ரொம்பச் சூடாச்சுன்னா நிறுத்த. ரெண்டு பேரும் வேணும். ஒருத்தர் போதாது."

"சரி."

"பெட்டிக்குள்ள இருக்கிற இந்தக் கம்பிச் சுருள் பாயோட கை. பேட்டரியிலேருந்து எவ்வளவு கரண்ட் இழுக்குதுன்னு தொட்டுப் பாத்துக்கிட்டே இருக்கும். அளவுக்கு மேல போனா டிரான்சிஸ்டர் வெந்துராம நிறுத்திடும். இந்த மஞ்சள் கம்பி ஜீனத் அக்கா. ரேடியோ கிட்டவே நின்னு, வோல்டேஜ் வந்துருச்சு, போதும்னு பெட்டிக்குச் சொல்லும்."

"அக்கா கொஞ்சம் அடக்கமா நிக்கக் கூடாதா? மேஜை பூரா காலை நீட்டிக்கிட்டு!"

ரோசரி சிரித்தாள். நானும் சிரித்தேன். அதிரசம் எத்தனை என்று எழுதப் போய்விட்டேன். அவள் சொன்னதில் என் காதில் தங்கியது பாயும் ஜீனத் அக்காவும்தான்.

மறுநாள் ஞாயிறு பூசை முடிந்து வந்து மேஜையை ஒழுங்குபடுத்தினேன். விரிப்பு மாற்றினேன். ரேடியோவைத் துடைத்தேன். சிவப்பையும் கறுப்பையும் ஆபீஸ் நூலால் சேர்த்துக் கட்டினேன். நேராக, அழகாக இருந்தது. மஞ்சள் கம்பி மட்டும் எப்படி வைத்தாலும் அடங்கவில்லை. இரண்டு கம்பி போகிறது, அது போதாதா என்று தோன்றியது. கத்தரிக்கோலை எடுத்தேன். ரேடியோ பக்கத்தில் ஒரு வெட்டு, பெட்டி பக்கத்தில் ஒரு வெட்டு. துண்டுக் கம்பியைச் சுருட்டி இழுப்பறையில் போட்டேன். ரோசரி அந்த நேரத்தில் அம்மாவோடு சமையலறையில் இருந்தாள். பிறகு அவளைப் புடவை மாற்ற உள்ளே அனுப்பிவிட்டார்கள். கூடத்துக்கு வர அவளுக்கு அனுமதி இல்லை.

அவர்கள் வந்தார்கள். தண்ணீர் குடித்தார்கள். பாலத்தில் பஸ் நின்று நின்று வந்த கதை சொன்னார்கள். தங்கையன் தன் ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டு மருமகளைப் பற்றி ஆரம்பித்தார்.

"அந்தப் பொண்ணு எம்.ஏ.ங்க. மாமியார் குழம்புல உப்பு கம்மின்னா, 'அது அப்படியில்ல அத்தை'ன்னு பாடம் எடுக்குது. அண்ணன் இப்ப குழம்பே ஊத்திக்கிறதில்ல. வெறும் மோரு!"

எல்லோரும் சிரித்தார்கள். அடைக்கலத்தின் மனைவி சிரித்துவிட்டு, "படிப்பு வேணும், ஆனா அடக்கமா இருக்கணும்," என்றார். நிலைப்படியில் நின்ற அம்மா வேகமாகத் தலையாட்டினார்.

அந்தச் சிரிப்பு அடங்கும் நேரத்தில் அடைக்கலம் ஐயா மேஜையைக் காட்டி, "இது என்ன தம்பி, பெட்டி?" என்று கேட்டார்.

நான் சொன்னேன். கரண்ட் இல்லாமல் பேட்டரியில் ரேடியோ பாடும் என்றேன்.

"அடேயப்பா! கடையில வாங்கினதா?"

"இல்லைங்க, வீட்டுலயே செஞ்சது."

"தம்பி செஞ்சீங்களா? பலே! சுருட்டுக் கம்பெனியில இருந்துக்கிட்டு இந்த வேலையா?"

அந்த இடத்தில் நான் 'இல்லை' என்று ஒரு சொல் சொல்ல வேண்டியிருந்தது. அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மருமகளுடைய குழம்பு இன்னும் கூடத்தில் மணந்துகொண்டிருந்தது. நான் தலையைக் கொஞ்சம் குனிந்தேன். அடக்கமானவர்கள் பாராட்டை ஏற்றுக்கொள்ளும்போது குனிவது போலவே குனிந்தேன்.

கியாசுதீன் பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குத் தெரியும். ஆனால் கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் என்ன பேசுவார்? ரேடியோ மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

இன்னாசிராஜ் நாற்காலியை விட்டு எழுந்து வந்து மேஜைமேல் குனிந்தார். அதுவரை அவர் அதிகம் பேசவில்லை.

"ரெண்டு கம்பிதானே போகுது? ரேடியோ பக்கம் வோல்டேஜ் எவ்வளவு இருக்குன்னு பெட்டிக்கு எப்படிங்க தெரியும்?"

"அது... பெட்டியே பாத்துக்கும்," என்றேன்.

"எப்படி?"

"போட்டே காமிச்சுடுறேனே," என்று சொல்லி சுவிட்ச்சைத் தட்டினேன். பதில் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.

விசில் கேட்டது. ரேடியோ கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. வால்வு சூடேற வேண்டும். பிறகு திருச்சி நிலையம் வந்தது, நாகசுரம். "அட!" என்றார் அடைக்கலம் ஐயா. நாகசுரம் வரவரப் பெரிதாயிற்று. டயல் விளக்கு வழக்கமான மஞ்சளாக இல்லாமல் வெள்ளையாக எரிந்தது. தங்கையன், "சத்தம் நல்லா வருதே," என்றார்.

அப்போது உள்ளறைக் கதவு படாரென்று திறந்தது.

"அண்ணே! அணை! அணை!"

ரோசரி ஓடி வந்தாள். ஒரு பக்கம் பின்னிய சடை, மறு பக்கம் விரித்த கூந்தல், கையில் சீப்பு. யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவள் பார்க்கவில்லை. மேஜைக்குக் கீழே குனிந்து பேட்டரி கிளிப்பைப் பிடுங்கினாள். அவள் கை கிளிப்பைத் தொட்ட அதே நேரத்தில் ரேடியோவுக்குள் டப்பென்று வெடித்தது. பின்பக்கத்து ஓட்டைகள் வழியாகப் புகையும் வெள்ளிக் காகிதத் துணுக்குகளும் பறந்து வந்து லட்டுத் தட்டில் விழுந்தன.

"யா அல்லா," என்றார் பாய்.

கூடம் முழுக்க மெழுகு தீய்ந்த வாடை. தங்கையன்தான் முதலில் வாயைத் திறந்தார்: "ஏம்மா, பரிசம் போட்டப்பறம்தான் வேட்டுப் போடுவாங்க. நீங்க காபிக்கு முன்னாடியே போட்டுட்டீங்க."

ரோசரி மேஜைக்கு அடியிலிருந்து எழுந்து நின்றாள். அப்போதுதான் கூடத்தைப் பார்த்தாள். சீப்பைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்தாள்.

இன்னாசிராஜ் பெட்டியைத் திருப்பினார். "இங்க ஒரு மஞ்சள் கம்பி வெட்டியிருக்கே. புதுசா வெட்டின மாதிரில்ல இருக்கு. செம்பு பளபளங்குது."

"யாருப்பா வெட்டினது?" என்று அடைக்கலம் ஐயா என்னைப் பார்த்துக் கேட்டார்.

இதை எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். நான் வெட்டினேன் என்று சொன்னால் பெட்டியைச் செய்தவன் நானில்லை என்று தெரிந்துவிடும். செய்தவன் வெட்டுவானா? யோசிக்கிற நேரம் எனக்கு இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் வாயில் வந்த பெயர் தற்செயலாக வந்தது என்றும் சொல்ல முடியாது.

"ரோசரி... காலையில மேஜை துடைச்சியே, அப்ப ஏதாச்சும்..." என்றேன்.

வாக்கியத்தை முடிக்கக்கூட இல்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை. அடைக்கலத்தின் மனைவி, "பாவம், தெரியாமப் பண்ணியிருக்கும். விடுங்க," என்றார்.

ரோசரி வெட்டிய கம்பியின் நுனியைப் பார்த்தாள். மேஜைமேல் நூல் கட்டி நேராகக் கிடந்த சிவப்பையும் கறுப்பையும் பார்த்தாள். அந்த முடிச்சு யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா? பிறகு என்னைப் பார்த்தாள். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபம் இல்லை. ரொம்ப நாளாகத் தெரிந்த ஒருவனை வேற்றூரில் பார்த்துவிட்டு, இவன்தானா அவன் என்று யோசிப்பது போல் பார்த்தாள்.

"காபி கொண்டு வரட்டுங்களா?" என்று எல்லோருக்கும் பொதுவாகக் கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

காபி வந்தது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. எல்லோரும் குடித்தார்கள். கிளம்பும்போது வாசலில் இன்னாசிராஜ் மட்டும் நின்று, நிலைப்படியில் நின்ற ரோசரியின் பக்கம் திரும்பி, "ஒண்ணு கேக்கலாங்களா? உள்ளே இருந்த உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார். ரோசரி வாயைத் திறப்பதற்குள் அவர் அம்மா, "நேரமாச்சு, பஸ்ஸைப் பிடிக்கணும்," என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

அவர்கள் தெரு முனை திரும்பியதும் அம்மா என் முகத்தைப் பார்க்காமல் லட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய், வெள்ளிக் காகிதத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார்.

பாயிடம் போய், "ரேடியோவை நான் சரி பண்ணித் தந்துடுறேன் பாய்," என்றேன்.

"நீங்களா?" என்றார். ஒரு சொல்தான். பிறகு அதையே வருத்தப்பட்டவர் போல், "ரேடியோ கெடக்கட்டும் தம்பி, அது தகரம். அந்தப் புள்ள பேரை எடுத்தீங்க பாருங்க, எனக்கு அதுதான் காதுல நிக்குது. எங்க வீட்டுல ஜீனத் கேட்டா நான் என்ன சொல்றது?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரேடியோவை ரோசரிதான் சரி செய்தாள். வெடித்தது, உள்ளே வெள்ளிக் காகிதம் சுற்றிய கண்டென்சர். அதையும் வால்வு ஒன்றையும் மாற்றினாள். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. பேட்டரிப் பக்கம் கரண்ட்டைத் தொட்டுப் பார்க்கும் அந்தச் சுருள் தன் வேலையைச் செய்திருந்தது. அதனால் டிரான்சிஸ்டர் பிழைத்தது. மறுபக்கத்திலிருந்து 'போதும்' என்று சொல்ல ஆள் இல்லாததால், இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துப் பெட்டி ஏற்றிக்கொண்டே போயிருக்கிறது. இதெல்லாம் அவள் எனக்குச் சொல்லவில்லை. பாயிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், நான் அடுத்த அறையில் கேட்டுக்கொண்டிருந்தேன். என்னிடம் அவள் சாப்பாடு போடும்போது "ரசமா, மோரா" என்பதைத் தவிர ஒன்றும் கேட்பதில்லை. திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது.

அந்த வாரத்திலேயே அடைக்கலம் ஐயாவிடமிருந்து கடிதம் வந்தது. அம்மா வாசிக்கச் சொன்னார். ரோசரி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தாள். நான் சத்தமாக வாசித்தேன்.

பெண்ணை எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. மேற்கொண்டு சாமியாரைக் கலந்து கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க நாள் பார்க்கலாம். இது வரை நல்ல குரலில் வாசித்தேன். அடுத்த பாராவுக்கு வந்ததும் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

'அன்று பெண் தெரியாமல் கம்பியை வெட்டிவிட்டதை நாங்கள் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. இங்கு வந்த பிறகு எங்கள் மகனுடைய கருவிகளைத் தொடாமல் இருந்தால் போதுமானது. தங்கள் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றி இங்கே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.'

அம்மா மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு வந்தார். "நல்லபடியா முடிஞ்சுது. இனிமே யாரும் அதைக் கிளறக் கூடாது. சரின்னு பதில் போட்டுடு அருளு."

"அவங்க மன்னிச்ச தப்பை நான் செய்யலைம்மா," என்றாள் ரோசரி. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள், சாதாரணமாகச் சொன்னாள்.

"சின்ன விஷயம்டி. கல்யாணமாகிப் போனப்பறம் நீயே மெதுவா மாப்பிள்ளைகிட்ட சொல்லிக்க. சிரிச்சுக்குவார்."

"எப்பம்மா? நான் ஒரு ஸ்குரூ டிரைவரை எடுக்கறப்பல்லாம், 'அம்மாடி, வச்சுரு, அன்னிக்கு என்ன ஆச்சு'ன்னு அத்தை சொல்லுவாங்க. ஒவ்வொரு தடவையும் வச்சுருவேன். அப்பறம் எப்ப சொல்றது?"

"இப்பச் சொன்னா? அண்ணன் பொய் சொன்னான், பொண்ணு மெக்கானிக் வேலை பாக்குதுன்னு சம்பந்தத்தையே விட்டுட்டா?"

"விட்டா விடட்டும். நான் அண்ணன்கிட்டக் கேட்டது அதைத்தான். பிடிக்கலேன்னா இப்பவே தெரியட்டும்னு."

அம்மா அழ ஆரம்பித்தார். ரோசரி அம்மாவைத் தேற்றவில்லை; ஆனால் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இருவரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டில் கடிதம் எழுதுகிறவன் நான் ஒருவன்தான்.

மறுநாள் காலையில் ஆபீஸுக்கு லீவு சொல்லி அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். தாளின் தலையில் வழக்கம்போல் 'இயேசு மரி சூசை' என்று எழுதினேன். மார்ஜின் விட்டேன். 'மதிப்புக்குரிய அடைக்கலம் ஐயா அவர்களுக்கு' என்று எழுதினேன். அதோடு பேனா நின்றுவிட்டது.

கம்பெனியில் தினமும் எழுதுகிறேன். சரக்கு தாமதமானதற்கு வருந்துகிறோம், பெட்டி நனைந்ததற்கு வருந்துகிறோம். அந்த 'வருந்துகிறோம்' எல்லாம் வரிசையாக வந்து நின்றன. முதல் தாளில், 'அன்றைய தினம் ஏற்பட்ட சிறு குழப்பத்தைக் குறித்து' என்று ஆரம்பித்தேன். ரோசரி ஸ்கூலுக்குக் கிளம்பிப் புடவைக் கொசுவத்தைச் சரி செய்துகொண்டே என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தாள்.

"குழப்பம் யாருக்கு ஏற்பட்டுச்சு?" என்று கேட்டாள்.

அதைக் கிழித்துப் போட்டேன். இரண்டாவது தாளில், 'கம்பி வெட்டப்பட்டது உண்மையில்' என்று எழுதினேன். அவள் கேட்பதற்குள் நானே கிழித்தேன். யார் வெட்டியது என்பதைச் சொல்லாமல் ஒரு வாக்கியத்தை முடித்துவிட எத்தனை வழிகள் எனக்குத் தெரிந்திருக்கின்றன என்று பார்க்கப் பார்க்க முகம் எரிந்தது.

மூன்றாவது தாளில் இப்படி எழுதினேன்:

'1. பெட்டியைச் செய்தது என் தங்கை ரோசரி. எனக்கு அதில் ஒரு கம்பியும் தெரியாது. தாங்கள் என்னைப் பாராட்டியபோது நான் மறுக்காமல் தலை குனிந்தது பொய்.

2. மஞ்சள் கம்பியை வெட்டியது நான். பார்க்க அழகாக இல்லை என்று வெட்டினேன். அது எதற்கு என்று ரோசரி முந்தின நாளே சொல்லியிருந்தாள். நான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

3. தாங்கள் கேட்டபோது என் தங்கையின் பெயரைச் சொன்னேன். அவள் அந்த மேஜையைத் தொடவே இல்லை. அவள் ஓடி வந்தது ரேடியோவைக் காப்பாற்ற. தங்கள் கடிதத்தில் மன்னித்திருப்பது அவள் செய்யாத தப்பு. மன்னிப்பு வேண்டியது எனக்கு.

4. கருவிகளைத் தொடாமல் இருப்பாள் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. தொடுவாள். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் தங்களுக்குச் சம்மதமா என்பதைத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.'

ரோசரி நின்றபடியே வாசித்தாள். இரண்டாம் முறையும் வாசித்தாள்.

"நாலாவது நல்லா இருக்கு," என்றாள். வெடித்த நாளுக்குப் பிறகு சாப்பாட்டைத் தவிர அவள் என்னிடம் பேசிய பேச்சுகளில் அதுதான் சிரிப்புக்குக் கொஞ்சம் கிட்டே வந்தது. முழுக்க வரவில்லை.

பிறகு பையிலிருந்து லேப் ரெக்கார்டுத் தாள் ஒன்றை எடுத்தாள். ராத்திரியே எழுதி வைத்திருக்கிறாள் போலிருக்கிறது. "இதையும் வை. அவர் ரெண்டு கேள்வி கேட்டார். ரெண்டுக்கும் இன்னும் யாரும் பதில் சொல்லலை."

அடுப்படியிலிருந்து அம்மா பதறிக்கொண்டு வந்தார். "கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணு மாப்பிள்ளைக்குக் கடுதாசி எழுதுறதா? ஊர் சிரிக்கும்டி!"

"கடுதாசி இல்லைம்மா. படம். நீங்களே பாருங்க."

அம்மா பார்த்தார். அதில் பெட்டியும் ரேடியோவும் வரைந்திருந்தது. பேட்டரிப் பக்கத்தில் அந்தச் சுருள்; அதற்கு 'கரண்ட்டைப் பார்ப்பது' என்று எழுதியிருந்தது. ரேடியோ முனையிலிருந்து பெட்டிக்குத் திரும்பி வரும் கோடு, பள்ளிக்கூட மஞ்சள் பென்சிலால். அதற்கு, 'வோல்டேஜைத் திருப்பிச் சொல்வது. தாங்கள் முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் இது.' கீழே இன்னொரு வரி: 'வோல்டேஜ் வந்து சேர்ந்ததும் விசில் தணிய வேண்டும். அன்று தணியவில்லை. உள்ளே இருந்து எனக்குத் தெரிந்தது அப்படித்தான். - ரோசரி.' வேறு ஒன்றும் இல்லை. வணக்கம்கூட இல்லை.

அம்மா கொஞ்ச நேரம் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கொடுத்துவிட்டு, "பஸ்ஸுக்கு நேரமாகுது, போ," என்று ரோசரியை அதட்டினார். அவள் போனாள்.

என் கடிதத்தை மூன்றாக மடித்தேன். மடிப்பு மடிப்பின் மேல் விழுந்தது. லேப் தாள் என் தாளைவிட அகலம். எப்படி மடித்தாலும் கவரின் வாய்க்கு வெளியே ஒரு ஓரம் நீட்டிக்கொண்டு நின்றது. ஓரத்தில் எழுத்து ஒன்றும் இல்லை, வெறும் தாள்தான். மஞ்சள் கோட்டின் வளைவு மட்டும் அந்த ஓரத்தைத் தொட்டுக்கொண்டு போயிற்று. இழுப்பறையைத் திறந்தேன். கத்தரிக்கோல் இருந்தது. அதன் பக்கத்தில் நான் சுருட்டிப் போட்ட மஞ்சள் கம்பியும் இருந்தது.

இழுப்பறையை மூடினேன். லேப் தாளைக் கோணல்மாணலாக இன்னொரு மடிப்பு மடித்தேன். கவர் புடைத்துக்கொண்டது. நான் அனுப்பிய கடிதங்களில் இவ்வளவு அவலட்சணமான ஒன்று இருந்ததில்லை. கவரின் வாயில் கோந்து தடவி, பிய்ந்துவிடாமல் கட்டை விரலால் நெடுநேரம் அழுத்திப் பிடித்தேன். கனத்துக்கு இன்னொரு ஸ்டாம்பு ஒட்டினேன். சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கியபோது, பாய் வீட்டு மாடியிலிருந்து ஜீனத் அக்கா, "நெறஞ்சிருச்சு, அணைங்க!" என்று கத்தினார். கீழே மோட்டார் நின்றது.

தெரு முனைத் தபால் பெட்டியின் வாய்க்குள் கவர் எளிதில் போகவில்லை. இரண்டு கையாலும் தள்ளினேன். உள்ளே விழுந்த சத்தம் கேட்டது.